வண்டு காட்டிய இடம்

வண்டக்கா என்ற பட்டப்பெயர் அவளுக்கு வேலையால் வந்தது. காட்டுத்தீ அடங்கிய பிறகு, கரிந்த தரையில் வாய் மட்டும் தெரியக் குவளைகளைப் புதைப்பாள். உள்ளே விழும் வண்டுகளை வாரந்தோறும் அள்ளிவந்து ஆய்வுக்கூடத்தில் இனம் பிரித்துக் கொடுப்பாள். வண்டு பொறுக்கவா இவ்வளவு படிப்பு என்று கேலி பேசாத வாய் அக்கம்பக்கத்தில் இல்லை.

கடைசியாகப் பற்றிய தீ அவள் வீட்டிலும் கைவைத்துவிட்டது. அணைக்கப் போன மாமா, அவளுடைய அக்கா கணவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காட்டுக்கு அப்பால் அவரைப் பார்த்ததாக யாரோ கொளுத்திப்போட, அக்கா அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கரிக்காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. சூட்டைத் தேடி வரும் கறுப்பு வண்டுகள் மட்டும் புகையும் மரங்களில் அப்பிக் கிடந்தன. குவளைகளிலும் அவைதான். ஓடைச் சரிவில் ஒரே ஒரு குவளையில் வேறு இனம்: முதுகில் செம்மஞ்சள் பட்டை போட்டது, செத்த உடலைத் தேடி வருவது. குவளை நிரம்பி நெளிந்தது. 

"மானாத்தான் இருக்கும்," என்று வண்டக்கா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். பக்கத்துப் பாறை இடுக்கை ஏறெடுத்தும் பார்க்காமல் வண்டுகளைக் கொட்டிவிட்டு, குவளையை மேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாடி?" வாசலிலேயே அக்கா மறித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வண்டுதான்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டாள். அதற்குமேல் உண்மையைச் சொல்ல எந்தத் தங்கைக்கு வாய் வரும்?

மழை கொட்டியது. கரிக்குள்ளிருந்து புல்லும் புதரும் கிளம்பின. கறுப்பு வண்டுகள் இருந்த இடம் தெரியவில்லை. இலை தின்பவையும் சாணி உருட்டுபவையும் குடியேறின. காடு பிழைத்துவிட்டதென்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். வீட்டில் அக்கா துரும்பாய் இளைத்துப்போனாள்.

"அவரு செத்துட்டாருன்னு யாராச்சும் சொன்னாக்கூட அழுது தீத்துருவேன்டி. இப்படிக் காத்துக்கெடக்க முடியல."

வண்டக்கா உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா திட்டவில்லை, அடிக்கவும் இல்லை.

"எந்த இடம்னு மட்டும் காட்டு."

காட்ட முடியவில்லை. ஓடை திசைமாறி, சரிவே சரிந்து, ஆள் உயரத்துக்குப் புதர் மண்டியிருந்தது. செம்மஞ்சள் பட்டை வண்டு எதிலாவது விழுமா என்று கைபோன போக்கில் குவளைகளைப் புதைத்துவிட்டு அடுத்த வாரம் இருவரும் போனார்கள். அக்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள்.

"இதுவாடி?"

"இல்லக்கா. அது இலை தின்னுறது."

"இது?"

"இல்ல."

அக்கா கடைசிக் குவளைக்குள் கைவிட்டுத் துழாவினாள். விரல்களில் பச்சை வண்டுகள் ஊர்ந்தன.

"ஒண்ணே ஒண்ணாவது வந்திருக்கக் கூடாதா?" என்றாள்.