பதினோரு கட்டில்களுக்கு நில வரி

அந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பாளருக்குக் கிழவர்கள் வைத்த பெயர் 'மடிப்பு'. இருபது வருஷம் லாட்ஜில் அறை சுத்தம் செய்தவர். விரிப்பை மடிப்புக் கலையாமல் போட்டு, முந்தைய ஆள் தங்கிய சுவடே தெரியாமல் துடைத்து வைப்பதுதான் அங்கே கற்ற ஒரே வித்தை. பெண்டாட்டி செத்த பிறகு இங்கே வந்து, கைவிடப்பட்ட பதினோரு பேரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டார். அவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

தர்ம காரியத்துக்குப் பயன்படும் இடம் என்பதால் இல்லத்துக்கு நில வரி இல்லை. கடைத்தெருவை ஒட்டிய மனை. வரி விழுந்தால் இல்லத்தை மூட வேண்டியதுதான். அந்த விலக்கு இன்னும் பொருந்துமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. அறக்கட்டளைத் தலைவர் போனில் சொன்னது இவ்வளவுதான்:

"ஆபீசர் வர்றார். இடம் பளிச்சுன்னு இருக்கணும், புரியுதா?"

பாவி மனுஷன் மடிப்பு, அதை லாட்ஜுக்கு விருந்தாளி வருவதைப் போலவே புரிந்துகொண்டார். அன்று காலை வேன் பிடித்துப் பதினோரு பேரையும் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். மூத்திர வாடை போகத் தரையை மூன்று முறை கழுவினார். மருந்துப் பாட்டில்கள், ஊன்றுகோல்கள், அழுக்குத் துணிகள் எல்லாம் பரணுக்குப் போயின. விரிப்புகளில் ஒரு சுருக்கம் இல்லை.

"இங்க யாரும் இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெளிய போயிருக்காங்க சார். சாயந்தரம் வந்துடுவாங்க." மடிப்பு பாராட்டுக்குக் காத்திருந்தார்.

"சரி, கையெழுத்து போடுங்க."

பெருமையோடு போட்டார், படிக்கவில்லை. 'குடியிருப்போர் இல்லை, தர்மப் பயன்பாடு இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. சாயங்காலம் வரை காத்திருக்க இன்ஸ்பெக்டருக்கு மனசு வரவில்லை.

வரி வந்தது. மேல்முறையீட்டில் மடிப்பு கெஞ்சினார். "நாளைக்கே எல்லாரையும் கூட்டிட்டு வந்து நிறுத்துறேன் சார்."

"ஆய்வு நடந்த நாள்தான் கணக்கு. யாரும் இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்று அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

தலைவர் ஒரே வாரத்தில் மனையை வாங்க ஆள் பிடித்துவிட்டார். "உன் சுத்தம்தான்யா எல்லாத்தையும் கெடுத்துது" என்று போகிற போக்கில் சொன்னார். பழி போட ஆள் கிடைத்த நிம்மதி அவருக்கு.

கிழவர்களை நான்கு ஊர்களுக்குப் பிரித்துப் போடுவதென்று முடிவானது. அதை மடிப்பு அவர்களிடம் சொல்லவில்லை. வாசலில் வேன் வந்து நின்றதும் கிழவர்கள் தாங்களாகவே ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: மறுபடியும் ஆபீசர் வருகிறார். போன தடவை தங்களால்தான் ஏதோ கெட்டுப்போனது என்று அவர்களுக்கு உள்ளூர உறுத்தல் வேறு. யாரும் சொல்லாமலே ஆளாளுக்குத் தங்கள் விரிப்பை இழுத்து நீவினார்கள். பக்கவாதக்காரர் ஒற்றைக் கையால் நீவினார்.

"இந்தத் தடவ நல்லபடியா முடியும் தம்பி, கவலப்படாத" என்றார் எல்லோரிலும் மூத்தவர். "நாங்க எத்தன மணிக்குத் திரும்பி வரணும்?"

"ஆறு மணிக்கு" என்று சொல்லிவிட்டு மடிப்பு வேன் கதவைச் சாத்தினார்.