சாட்சி சொல்ல வந்தவள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருஷம் போன் எடுத்தவளுக்கு 'லைன் அக்கா' என்று பெயர் விழுந்தது. "லைன்லயே இருங்க, வெச்சுடாதீங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். போனில் அவள் குரல் பஞ்சு மாதிரி இருக்கும். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வது நல்லது. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில்.

அந்த வேலையின் கடைசி வருஷத்தில் ஒரு நடுப்பகல். நாலு வயது மகளுக்கு மூச்சு வரவில்லை என்று ஒரு தாய் கூப்பிட்டாள். பக்கத்து நிலையத்திலேயே ஒரு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. "அதைத் தொடாதே. பெரிய மனுஷர் ஒருத்தர் ஊர்வலத்துக்குப் பின்னாடி போகணும்" என்றார் கண்காணிப்பாளர். வேறொரு வண்டி போய்ச் சேர இருபத்தாறு நிமிஷம் ஆனது. அதுவரை அவள் அந்தத் தாய்க்கு நெஞ்சை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் மறுமுனையில் சத்தமே இல்லை.

குழந்தை பிழைக்கவில்லை. வண்டி ஏன் தாமதமானது என்று இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. 'வண்டி பழுது' என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது அவளுடையது.

அந்தக் கண்காணிப்பாளர் அவள் போகும் கிறிஸ்தவ சபையில் மூப்பரும்கூட; சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து, கணீரென்று பாடுவார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கிழிப்பாள்.

வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டாள். இறையியல் கல்லூரியில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிப் போதகராக வேண்டும் என்றாள்.

"இந்த வயசுல படிப்பா?" என்றார் புருஷன்.

"வண்டி வந்து தூக்கிட்டுப் போன பிறகு அந்த வீட்டு ஆளுங்க பக்கத்துல யாரு இருக்காங்க? ஒரு நாதியும் இல்ல. நான் போய் இருக்கப்போறேன்."

வகுப்பில் எல்லாரும் அவள் பிள்ளை வயது. முதல் வருஷம் முழுக்கச் சண்டைதான். பாலைவனத்துத் துறவிகளைப் பற்றிப் பாடம் வந்தபோது, "ஊரை விட்டு ஓடினவங்களை நாம எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டுப் பேராசிரியரைத் திணறடித்தாள். இரண்டாம் வருஷப் பாடத்தில் குவேக்கர்கள் வந்தார்கள்; பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். பிரசங்க மேடை வேண்டாம் என்றவர்கள். பெண்களையும் ஆரம்பத்திலிருந்தே பேசவிட்டவர்கள். நீதிபதி முன்னால்கூடத் தொப்பியைக் கழற்றாமல் நின்று சிறைக்குப் போனவர்கள். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவங்கதான் நம்ம ஆளுங்க."

அந்தப் பாடம் எடுத்த ஆசிரியையே ஒரு குவேக்கர். மாணவர்களைத் தங்கள் கூடுகைக்கு அழைத்துப் போனார். தையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, வட்டமாகப் பதினான்கு நாற்காலிகள். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு மணி நேரம் மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து உந்துதல் வந்தால் எழுந்து பேசலாம்.

இருபது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

"உங்களுக்கெல்லாம் மௌனம்னா சுகம். எனக்கு அப்படியில்ல. போன்ல அஞ்சு செகண்ட் சத்தம் வரலைன்னா அங்க யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். எப்படிங்க உங்களால இப்படி உக்கார முடியுது?"

யாரும் முகம் சுளிக்கவில்லை. கூடுகை முடிந்து எல்லாரும் கைகுலுக்கினார்கள். படியிறங்கும்போது அவள் ஆசிரியையிடம் கேட்டாள்: "நான் பேசினது தப்பா, மேடம்?"

"உள்ளேருந்து தள்ளிச்சுன்னா தப்பில்ல."

"தள்ளினது கோபம்."

"சரி. அந்தக் கோபம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க."

அந்தப் பதிலும் எரிச்சல் மூட்டியது. ஆனாலும் மறுவாரம் போனாள். அதற்கடுத்த வாரமும்.

படிப்பு முடியப்போகிற சமயம். ஆஸ்பத்திரிப் பொறுப்பு கிடைக்கச் சொந்தச் சபை பரிந்துரைக் கடிதம் தரவேண்டும். விண்ணப்பத்தோடு 'சாட்சி' என்று ஒரு பக்கம் எழுதவேண்டும்: கடவுள் என்னை எப்படி அழைத்தார் என்று. அவளும் எழுதினாள். சபைச் செயலாளர் அவளுடைய சொந்த அண்ணன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா, அப்படியே உருகிட்டேன்."

அந்தப் பாராட்டு அவளுக்கு நெருப்பை விழுங்கினது மாதிரி இருந்தது.

பெரிய முடிவு எடுக்கத் திணறுகிறவர்களுக்கு உதவ, குவேக்கர்களிடம் ஒரு முறை உண்டு. நாலைந்து பேர் கூடி உட்காருவார்கள். புத்தி சொல்லக்கூடாது, தேற்றக்கூடாது; கேள்வி மட்டும்தான் கேட்கலாம். லைன் அக்கா அதைக் கேட்டு வாங்கினாள். ஆசிரியை, ஒரு தச்சர், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். குழந்தைக்கு நடந்ததைச் சொல்லி, எழுதிய பக்கத்தையும் வாசித்துக் காட்டினாள்.

தச்சர் கேட்டார்: "நீங்க சொன்னது இதுல எந்த வரியில இருக்கு?"

"எந்த வரியிலயும் இல்ல."

"யார் மேல கோபம்?" என்றார் ஆசிரியை.

"அந்த ஆள் மேல."

"அவர் மேல மட்டும்தானா?" என்று திரும்பவும் கேட்டார் ஆசிரியை.

"கையெழுத்து என்னோடது" என்று மேஜையை ஓங்கி அறைந்தாள். 'பரவாயில்லை' என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்கும் கோபம் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்து போயிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினாள். சபைக் குழு கூடிய அன்று எழுந்து நின்று வாசித்தாள். தேதி, நேரம், சும்மா நின்ற வண்டியின் எண், யார் என்ன சொன்னார், யார் யார் கையெழுத்துப் போட்டார்கள். கண்காணிப்பாளர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, உக்காரு" என்றார் அண்ணன், தாழ்ந்த குரலில்.

சபை ஆயர் குறுக்கிட்டார். "சகோதரி, மன்னிக்கிற மனசு..."

"மன்னிக்க நான் யாருங்கய்யா? நானும் கையெழுத்துப் போட்டவ. மன்னிக்க வேண்டிய தாய்கிட்ட இந்தச் சபையில யாராவது போய்க் கேட்டீங்களா?"

"பழுதுன்னு நீயும்தானே கையெழுத்துப் போட்ட?" என்று கத்தினார் கண்காணிப்பாளர்.

"போட்டேன். பொய். நீங்க சொல்லிப் போட்டேன். இப்ப யாரும் சொல்லாமலே மாத்தி எழுதியிருக்கேன்."

கடிதம் கிடைக்கவில்லை. 'ஊழியத்துக்குத் தேவையான சாந்தம் இல்லை' என்று குறிப்பு எழுதினார்கள்.

மறுநாள், சபையில் வாசித்த காகிதத்தோடு அந்தத் தாயின் வீட்டைத் தேடிப் போனாள். அன்று தானே தட்டெழுத்தில் பதிந்த முகவரி. மூன்று வருஷமாக மறக்கவில்லை. கதவு பாதிதான் திறந்தது. விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண்ணின் முகம் கல்லானது.

"மூணு வருஷம் கழிச்சு, உங்க மனசு லேசாகணும்னு என் வாசலுக்கு வந்தீங்களா?"

"இல்லம்மா. இந்தக் காகிதத்தைக் குடுக்க வந்தேன். இதை வெச்சுப் புகார் குடுங்க. என் பேரும் இருக்கு, அதையும் விடாதீங்க."

காகிதத்தைப் பறிக்கிற மாதிரி வாங்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள் அந்தப் பெண். லைன் அக்கா அவளைக் குறை சொல்லவில்லை. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பாள்.

புகார் போயிற்று. விசாரணையை மறுபடி திறந்தார்கள். கண்காணிப்பாளரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். பொய் அறிக்கையில் கையெழுத்திட்டதற்கு அவளுக்கும் நோட்டீஸ் வந்தது. இரண்டு முறை போய்ச் சாட்சி சொன்னாள். விசாரணை இன்னும் முடியவில்லை.

அண்ணன் வீட்டுக்கே வந்து குதித்தார். "குடும்ப மானத்தையே கப்பலேத்திட்டியே!"

"மானம் கப்பல்லயே போகட்டும்ண்ணே. ஆம்புலன்ஸாவது ஒழுங்கா வீட்டுக்கு வரட்டும்."

அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை.

கல்லூரி பட்டம் தந்தது. சபை கைவிட்டது. குவேக்கர்கள் யாரையும் போதகராக அபிஷேகம் செய்வதில்லை. ஆனால் 'இவர் எங்களில் ஒருவர்' என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. செவ்வாய்க்கிழமைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, உறவினர்களோடு இருக்கலாம் என்று அனுமதி மட்டும் வந்தது.

போன வாரம் அங்கே ஒருவன் சுவரைக் குத்திக்கொண்டு கடவுளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி. நர்ஸ் ஓடி வந்தாள்.

"அக்கா, ஏதாவது ஜெபம் பண்ணி அமைதிப்படுத்துங்களேன்."

"திட்டட்டும் சிஸ்டர். வேற யாரைத்தான் போய்த் திட்டுவான்?"

போய் அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் அரை மணி நேரம் திட்டினான். இரண்டு இடத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள்.