முன்சில்லின் முனகல்

எங்கள் லொறியின் முன்சில்லில் முனகல் கேட்கத் தொடங்கியதும் நான் செய்த முதல் திருத்தவேலை, ரேடியோவைச் சத்தமாக வைத்ததுதான். சாத்திரம், சகுனம் எதையும் நம்பாத நான், தேய்ந்த பேரிங் தானாகத் தேறிவிடும் என்று மட்டும் உறுதியாக நம்பினேன். திருத்தக் கொடுத்தால் ஓட்டம் நின்றுவிடும். அடுத்த கிழமை பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் ஓடினேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மனைவியின் தம்பி ரவி, எனக்குப் பதிலாக நாங்கள் இருக்கும் டூங்கபியிலிருந்து மெல்பேர்னுக்கு லொறியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அவன் போனபின் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. நான் ஓட்டும்போது தாங்கும் என்று தோன்றிய சில்லு, அவன் ஓட்டும்போது என் கண்ணுக்குள் கழன்று கழன்று உருண்டது.

“ஏனப்பா குசினிக்கும் வாசலுக்கும் நடக்கிறியள்? காய்ச்சலெல்லோ?” என்றாள் மனைவி.

அவளிடம் சொல்லத் துணிவில்லை. ரவியைப் போனில் அழைத்தேன்.

“தம்பி, ஓரமா நிப்பாட்டு. ஒண்டும் கேக்காதை, நிப்பாட்டு.”

மெக்கானிக்கை அங்கேயே அனுப்பினேன். அவர் சில்லை உயர்த்தி அசைத்தபோது, விழப்போகும் பல்லைப்போல ஆடியதாம். பேரிங் நொறுங்கி, அது பொருந்தியிருக்கும் ஹப்பும் தேய்ந்திருந்தது. மெல்பேர்ன்வரை தாங்கியிருக்காது என்றார். எல்லாவற்றையும் மாற்றினேன்.

இப்போது ரேடியோ போடாமல்தான் புறப்படுகிறேன். முனகல் கேட்டால் அன்றே மெக்கானிக்கிடம் போகிறேன். ரவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவனுக்கும் இதையே உபதேசித்தேன்.

“ஓம் அத்தான், அண்டைக்கு எனக்கும் கேட்டதுதான்,” என்றான் அவன். “ரேடியோவைக் கூட்டிப்போட்டு ஓடினனான்.”