பத்து விரல் ஜெபமாலை

"பூசை நேரத்தில் ஜெபமாலை சொல்ல வேண்டாம்" என்று எங்கள் இளம் பங்குசாமியார் இன்று ஒலிபெருக்கியில் சொன்னார். என் கையிலிருந்த மணிகள் பெஞ்சில் தட்டின. அந்தச் சத்தம் என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் சாரல் காலம் அது. அம்மா குற்றாலத்தில் பழம் விற்பாள். ஞாயிறு காலையில் ஈரச் சேலையும் பலாப்பழ வாசமுமாக என்னைத் தென்காசித் தேவாலயத்துக்கு நடத்திக் கூட்டிப்போவாள். சாமியார் பீடத்தைப் பார்த்து லத்தீனில் பூசை வைக்க, பெண்கள் தரையில் அமர்ந்து மாதாவிடம் ஜெபமாலை சொல்வார்கள். புதிதாக வந்த சாமியார் ஒருநாள் கோபமாகத் திரும்பிப் பீடத்தின் படியைக் காட்டினார்.

"பூசையைக் கவனியுங்க. மாலையையெல்லாம் இங்கே வையுங்க!"

எல்லாரும் வைத்தார்கள். அம்மாவும் முத்தமிட்டு வைத்தாள்.

"நீங்க லத்தீன்ல பேசுதிய சாமி, எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. மாதாகிட்டன்னா தமிழ்ல பேசலாம்லா?"

பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு 'மரியே வாழ்க' ஜெபத்துக்கு ஒரு விரலாக மடக்கத் தொடங்கினாள்.

"பத்துப் பத்தாத்தானே எண்ணணும், அதுக்குப் பத்து விரல் போதும். ஏட்டி, நீயும் மடக்கு" என்றாள் என்னிடம், சாமியாருக்குக் கேட்கும்படியாக.

இப்போது பூசை தமிழில்தான். எனக்கு எல்லாம் நன்றாக விளங்குகிறது. ஆனாலும் மாலையைப் பைக்குள் போட்டுவிட்டு, இளம் சாமியாரை நேராகப் பார்த்தபடி முதல் விரலை மடக்கினேன்.