கலியமூர்த்தி சார் இல்லாத கம்பெனி

கலியமூர்த்தி சார் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் ரெட்டிபாளையத்தில், சிமெண்ட் லாரிகள் ஓட்டும் ஒரு முதலாளியின் ஆபீஸில் இருந்தேன். எங்கள் கம்பெனியின் பில் போடும் சாஃப்ட்வேரை அங்கே ஏற்றிக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். "தங்கமான மனுசருங்க." கொஞ்சம் பொறுத்துக் கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டார்: "அப்ப இது இனிமே ஓடுங்களா?"

இன்று அவர் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் சாவு வீட்டிலேயே என்னிடம் இதைக் கேட்டீர்கள். எனக்கு வருத்தமில்லை. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி என்றால் அது சார்தான். புரோகிராம் எழுதியது நானும் என்னோடு வேலை பார்க்கும் மலர்விழியும். சாருக்கு அது தெரியாது. அவர் பேசினார்.

எப்பேர்ப்பட்ட பேச்சு! அரியலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் லாரி முதலாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சார் நிறுத்தவில்லை. இருண்ட திரையைக் குச்சியால் தொட்டு, "இங்க பாருங்க, லாரி நம்பரு வருது. இந்தாண்ட டீசல் கணக்கு" என்று போய்க்கொண்டே இருந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். கரண்ட் வந்து நிஜமான திரை தெரிந்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். "கரண்ட் இல்லாதப்பவே நல்லா இருந்துச்சுங்களே!"

"மெஷினை நம்பி எவனும் வாங்க மாட்டான்யா, சொல்ற ஆளை நம்பித்தான் வாங்குவான்" என்பார் சார். அவர் போனதும் அந்த உண்மையே எங்களுக்கு வினையாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிஞ்சிய பெரிய இடம் பெரம்பலூர் பஸ் முதலாளி ஒருவர். அவரும் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

அவர் எதிரே உட்கார்ந்து, சாரைப் போலவே குரலை உயர்த்தி, கையை வீசிப் பேசிப் பார்த்தேன். வீசிய கை டம்ளரில் பட்டு, டீ முழுக்க அவர் வேட்டியில் கொட்டியது.

மலர்விழி குறுக்கிட்டாள். "இவருக்கு அதெல்லாம் வராதுங்க. எங்க ரெண்டு பேருக்குமே பேசத் தெரியாது. ரிப்பேர்னு கூப்பிட்டா அன்னைக்கே வந்துருவோம்."

வேட்டியை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அன்னைக்கேவா? உங்க சாரு 'பஸ் ஏறிட்டேன்'னு போன்ல சொல்லுவாரு. நம்ம பஸ்ஸுதான். கண்டக்டரக் கேட்டா, ஏறவே இல்லீங்கம்பான்!" சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, வேட்டியை மறுபடி உதறினார். "சரி, ஒரு வருசம் ஓட்டிப் பாருங்க" என்றார்.

அதனால் கம்பெனி நடக்கிறது. விலகியவர்களில் சிலர் திரும்பியும் வந்தார்கள். புது ஊருக்குப் போய்ப் பேசத்தான் ஆளில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வந்தவர்களிடமெல்லாம் சார் என்னைக் காட்டி, "பெங்களூர்ல பெரிய கம்பெனியில இருந்தவரு, நமக்காக வந்திருக்காரு" என்றார். நானோ கல்லங்குறிச்சிக்காரன், பெங்களூரைப் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் போனதும் என் தோளைத் தட்டி, "பயப்படாத, அவங்க எதுவும் கேக்கறதுக்குள்ள கத்துக்க" என்றார். அந்தப் பயத்தில்தான் தொழில் கற்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த அறிமுகம் ஒன்றைத்தான். அதில் அவர் சொன்ன ஆளாக இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறேன்.