வாரத்துக்கு ஒன்றைத் தினமும் கொடுத்தேன்

என் கணவர் வளைகுடாவில் இருபது வருடம் ஏசி அறைக்குள்ளேயே வேலை பார்த்தவர். ஊருக்கு வந்தபின் உடம்பு வலி தாங்காமல் ரத்தப் பரிசோதனை செய்தோம். வைட்டமின் டி மிகக் குறைவு என்று வந்தது. வாரம் ஒரு மாத்திரை வீதம் எட்டு வாரம் போடச் சொன்னார் டாக்டர்.

நான்தான் அவசரப்பட்டேன். சத்து மாத்திரைதானே, தினமும் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து, வடசேரி மருந்துக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கி மூன்று மாதம் கொடுத்தேன்.

அவருக்கு ஓயாத தாகம், வாந்தி. வெயில் சூடு என்று நினைத்தோம். ஒரு ஞாயிறு காலை ஆலயத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் நின்றார். என்னைப் பார்த்து, "நீங்க யாரு? எனக்க வீட்டுக்காரி எங்க?" என்றார். உடனே ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். "இதத் தினமுமா குடுத்திய?"

"சத்து மாத்திரைதானே டாக்டர்..."

"இது உடம்புலேயே தங்குமம்மா. கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. அதான் ஆளத் தெரியல்ல. கிட்னியும் திணறுது."

அந்த மாத்திரையை நிறுத்தி, அங்கேயே சேர்த்து சலைன் ஏற்றினார்கள். நானே கொன்றுவிட்டேனோ என்று மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் அவர் கண் விழித்து, "ஏட்டி, நீ சாப்பிட்டியா?" என்றார். வாய்விட்டு அழுதேன்.

கிட்னி தப்பியது. இப்போது எந்த மாத்திரையானாலும் எத்தனை நாளுக்கு ஒன்று என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வைக்கிறேன். டாக்டர் சொன்ன நாளில் ரத்தமும் பரிசோதிக்கிறோம். ஆனாலும் அவர் தண்ணீர் கேட்டால் இன்னும் எனக்குப் பயம் வருகிறது.