பரமண்ணை கீரிமலைக்குப் போனது

எம்மன்புரூக்கேயில் நான் சாமான் வாங்கும் கடைவாசலில் கல்லறை மெழுகுதிரிகளை அடுக்கிவிட்டார்கள். சிவப்புப் பிளாஸ்டிக் கூடுகள், பக்கத்தில் ஈரமான பைன் கொப்புகள். நவம்பர் வந்தால் சுவிஸ்காரருக்கு இறந்தவர்களின் ஞாபகம் வரும். எனக்கு அந்த மணத்தில் பரமண்ணையின் ஞாபகமும் பொரித்த மீனின் ஞாபகமும் சேர்ந்தே வரும். மீன் கதை பிறகு.

இன்டர்லாக்கனுக்கு மேலே ஒரு மலைக்கிராமம். ஒரு ஹோட்டல், ஒரு தேவாலயம், கொஞ்சம் வீடுகள். அந்த ஹோட்டல் குசினியில் பரமண்ணையும் நானும் இன்னும் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். சுவிஸ்காரர் எது சொன்னாலும் "யா, யா" என்று தலையாட்டுவோம். மறுத்துப் பேசினால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம்.

ஒரு பனிக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பரமண்ணை பிறகு எழும்பவில்லை. முதலாளியம்மா அழுதார். முதன்முதல் அந்த மலைக்கு வந்து பாதை வெட்டிய தன் பாட்டன்மாரின் கல்லறை வரிசையிலேயே அவருக்கும் இடம் தருவதாகச் சொன்னார். நாங்கள் வழக்கம்போலத் தலையாட்டினோம். எரிக்க வேண்டிய சைவசமயக்காரரைப் புதைத்துவிட்டு, அறைக்கு வந்த பிறகுதான் ஆளையாள் பார்த்து முழித்தோம்.

அவர் மனைவி மனோக்கா கொழும்புக்கு வந்து போன் எடுத்தார்.

"தம்பி, சாம்பல் எப்ப வரும்? கீரிமலைக் கடலில கரைக்க வேணும்."

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அங்க ஒரு விளக்காவது வையுங்கோ" என்றார்.

வைத்தோம். எட்டாம் நாள் வடையும் அவருக்குப் பிடித்த மீன்பொரியலும் படைத்தோம். விடியப் பார்த்தால் தட்டு வெறுமை, சுற்றிவர நரியின் கால்தடம். முதலாளியம்மா தட்டைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்றார். சிரிக்கவில்லை. தான் இருக்கும்வரை தன் ஆட்களின் கல்லறைகளோடு பரமண்ணையுடையதுக்கும் பூ வைத்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு மலை நகரத் தொடங்கியது. பாறைகள் உருண்டன. ஹோட்டலைப் பூட்டி, எல்லாரையும் கீழே இறக்கினார்கள். இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. அது முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லைக் கிளப்பிப் புல் விதைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் மிஞ்சவில்லை.

இந்தக் கோடையில், இப்போது கனடாவில் இருக்கும் மனோக்கா, ஊருக்குப் போகும் வழியில் இங்கே இறங்கினார். கிராமசபை ஆள் ஒருவர் தடையைத் திறந்து எங்களை மேலே கூட்டிப்போனார். கல்லறைகள் இருந்த இடம் முழுக்க ஒரே புல்.

"எந்த இடம், தம்பி?"

தேவாலயச் சுவரை வைத்து ஒரு இடத்தைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து, கரண்டியால் மண் கிண்டிப் பைக்குள் போட்டுக் கட்டினார்.

"இதுதானே?"

தலையாட்டினேன்.

ஊரிலிருந்து மனோக்கா போன் எடுத்தார். கீரிமலையில் கரைத்தாயிற்றாம், இப்போதுதான் நித்திரை வருகிறதாம். போனது பரமண்ணைதானா, பாதை வெட்டிய பாட்டன்மாரில் ஒருவரா, எனக்குத் தெரியாது. கேட்டறிய மேலே ஒரு ஆளும் இல்லை.

கடைவாசலில் ஒரு மெழுகுதிரியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். கொளுத்த இடமில்லை.